கொப்பன்ஹேகனுக்கு ஏழு

ஜீவரட்ணத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் டென்மார்க்கில் இருக்கிறார்கள். ஸ்கீவவில் அவர் போகிற சபையின் போதகர் எழுதலாம். அவர் முப்பது வருஷமாக வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யாரும் எழுதலாம். ஆனால் அவர்களுக்கு அவருடைய பட்டியலின் அருமை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் ஒரு வேலை செய்தேன். இந்த வருஷக் கூட்டம் வருவதற்குள் அதையும் சேர்த்து எழுதிவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் நித்தியானந்தன். சில்க்போர்க்கில் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் ஊர்த் தமிழர் உதைபந்தாட்ட அணிக்குப் பதினைந்து வருஷமாகப் பொறுப்பாளரும் நான்தான். வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி அது. வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்லுவார்கள். உண்மைதான்.

ஜீவண்ணை எண்பத்தெட்டில் வந்தவர். அந்தக் காலத்தில் அகதிகளை ஒரே இடத்தில் குவியவிடாமல் கொம்யூன் கொம்யூனாகப் பிரித்து அனுப்பினார்கள். கொம்யூன் என்றால் நம் நகரசபை மாதிரி, ஆனால் அதைவிட நம்மைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்திருக்கும். அவருக்கு விழுந்தது ஸ்கீவ. ஒரு காலத்தில் அங்கே முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இப்போது ஒன்பது.

அவர் டெனிஷ் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில். முதியோர் இல்லத்தில் நீக்கிலாஸ் என்று ஒரு கிழவர் இருந்தார். ஒரு காலத்துக் கோல் காப்பாளர், கண் தெரியாது, வாயில் நல்ல வார்த்தை வராது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் உள்ளூர் ஆட்டங்களின் முடிவுகளை அவருக்கு வாசித்துக் காட்டுவது ஜீவண்ணையின் வேலை. ஊர்ப் பெயர்களை ஜீவண்ணை கொலை செய்வார், கிழவர் திட்டித் திருத்துவார். ஒருநாள் கிழவர், இங்கே மூன்றாம் தட்டில் விளையாடுகிறவனும் ஃபூன் தீவில் மூன்றாம் தட்டில் விளையாடுகிறவனும் ஒன்றா என்று கேட்டாராம். ஜீவண்ணைக்குப் பதில் தெரியவில்லை. கிழவர் போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருஷமாகிறது. இவர் இன்னும் அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி லேசானதில்லை. தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணிகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்குக் கீழே போனால் நாடு துண்டுதுண்டாகிவிடும். நாங்கள் இருக்கிற யூலண்டுக்கு ஓர் ஏணி, ஃபூனுக்கு ஓர் ஏணி, ஷேலண்டுக்கு ஒன்று, லோலண்டுக்கு ஒன்று, கொப்பன்ஹேகனுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் சீரியே ஒன்று, சீரியே இரண்டு என்று படிகள். ஓர் ஏணியில் இருப்பவன் மற்ற ஏணியில் இருப்பவனோடு மோதுவதே இல்லை. ஆகவே யூலண்டின் சீரியே இரண்டு பலமா, லோலண்டின் சீரியே ஒன்று பலமா என்று யாருக்கும் தெரியாது. டெனிஷ்காரருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் பியரைத் திறந்துவிடுவார்கள்.

கவலைப்பட்ட ஒரே மனிதர் ஜீவண்ணை. சனிக்கிழமைகளில் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு காரை எடுத்துக்கொண்டு ஏதாவதொரு மைதானத்துக்குப் போய்விடுவார். மழை, குளிர் எதுவும் பார்ப்பதில்லை. பதினொரு பார்வையாளரும் ஒரு நாயும் இருக்கிற ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆளாக நின்று குறிப்பு எழுதுவார். கோடையில் பிரதேசம் தாண்டி நடக்கிற நட்பாட்டங்களைத் தேடிப் பிடிப்பார். ஊர் மாறிப் போன ஆட்டக்காரன் புது ஏணியில் ஏறினானா இறங்கினானா என்று பார்ப்பார். இவ்வளவையும் கூட்டிக் கழித்து ஒவ்வோர் ஏணிக்கும் ஓர் இலக்கம் வைத்திருந்தார். யூலண்டுக்குப் பத்து. ஃபூனுக்கு ஒன்பது. ஷேலண்டுக்கு எட்டு. லோலண்டுக்கு ஆறு. கொப்பன்ஹேகனுக்கு ஏழு.

இந்த இலக்கங்கள் எங்களுக்கு எதற்கு என்றால், டென்மார்க் தமிழ் அணிகளின் சுற்றுப்போட்டி வருஷத்துக்கு ஒருமுறை ஓகஸ்ட் கடைசியில் நடக்கிறது. பதினாறு ஊர்கள். யாரை எந்தப் பிரிவில் போடுவது என்று முன்பெல்லாம் அடிபிடி. ஜீவண்ணையின் பட்டியல் வந்த பிறகு சண்டை நின்றது. ஓர் அணியின் ஒவ்வோர் ஆளும் தன் டெனிஷ் கழகத்தில் எந்தப் படியில் விளையாடுகிறான் என்று பார்த்து அதற்கு மார்க் போட்டு, அந்த ஏணியின் இலக்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார். அதுதான் அணியின் பலம். ஸ்கீவக்காரர் என்பதற்காக ஸ்கீவவுக்கு அரை மார்க் கூடப் போட்டதில்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினோம்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. இந்தச் சுற்றுப்போட்டியில் ஒருவன் தான் இருக்கிற ஊருக்கு விளையாட முடியாது. தகப்பனுக்கு முதன்முதலில் எந்தக் கொம்யூன் கிடைத்ததோ அந்த ஊரின் சட்டைதான் போடவேண்டும். பெரிய நகரங்கள் நல்ல பெடியன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாமலிருக்கத் தொண்ணூறுகளில் செய்த ஏற்பாடு. இன்று பிள்ளைகள் படிப்பு, வேலை என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். ஆனால் அந்தப் போட்டிக்குத் தகப்பனின் கொம்யூனுக்குத் திரும்பி வந்துதான் ஆகவேண்டும்.

ஜீவண்ணையின் மகன் ஜெரோஷனும் அப்படித்தான். ஆறு வருஷமாகக் கொப்பன்ஹேகனில் பொறியியலாளர் வேலை. அங்கே ஒரு கழகத்தில் சீரியே ஒன்றில் நடுக்களத்தில் விளையாடுகிறான். நத்தார் பண்டிகைக்கு வந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காரை எடுத்துவிடுவான். சுற்றுப்போட்டிக்கு மட்டும் வியாழக்கிழமையே வந்து திங்கட்கிழமைதான் போவான். அவனோடு கொப்பன்ஹேகனில் இருக்கிற இன்னும் ஆறு ஸ்கீவப் பெடியன்களும் வருவார்கள். ஜீவண்ணையின் மனைவி மார்கிரட் அக்கா நாலு நாளும் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். தகப்பனும் மகனும் மற்ற நாட்களில் போனில் பேசினால் அரை நிமிஷம். அந்த நாலு நாளும் பந்தைப் பற்றி என்றாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அதற்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது.

எங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற நாலு மைதானங்களில் இரண்டு திருத்தவேலைக்குப் போய்விட்டன. பதினாறு அணியை ஒரு பகலில் விளையாடவைக்க முடியாது. பன்னிரண்டுதான் என்று மாசிக் கூட்டத்தில் முடிவானது. எந்த நாலு ஊர் விலகி நிற்பது என்று கேட்டதும் மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது. நான்தான் எழுந்து சொன்னேன்.

"ஏன் சண்டை பிடிக்கிறியள்? ஜீவண்ணையின்ர பட்டியல் இருக்குத்தானே. அதில கடைசி நாலும் இந்த வருஷம் நிக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜீவண்ணையும் தட்டினார்.

சித்திரைக் கடைசியில் எனக்குப் போன் வந்தது. பஸ்ஸை நிலையத்தில் விட்டுவிட்டுச் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நித்தி, கணக்கு முடிஞ்சுது. நீங்கள் பன்னிரண்டு."

"அப்பாடா. மயிரிழையில தப்பினம்," என்றேன். "பதின்மூண்டு ஆர்?"

"நாங்கள்."

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஜீவண்ணை விளையாடுகிற ஆள் இல்லை.

"எப்பிடி அண்ணை? ஜெரோஷன் இருக்கிறான். மற்றப் பெடியள் இருக்கினம். போன முறை அரையிறுதிக்கு வந்தனீங்கள்."

"இஞ்ச யூலண்டில விளையாடின ரெண்டு பேர் இந்த வருஷம் விட்டிட்டினம். இப்ப ஏழு பேர் கொப்பன்ஹேகன். அங்கத்தை இலக்கம் ஏழு. பெருக்கினா வராது."

அந்த ஏழின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரத்து ஆறில் கொப்பன்ஹேகன் தமிழ் அணி தலைமயிரில் ஜெல் பூசிக்கொண்டு ஒரே மாதிரிப் பைகளோடு வந்து இறங்கியது. ஸ்கீவவிடம் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றது. தோற்றவன் பேசாமல் போயிருக்கலாம். அவர்களின் பொறுப்பாளர் கஜதீபன், அப்போது வாலிபன், "மாட்டுப்பட்டியில விளையாடச் சொன்னா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டான். அடுத்த வருஷப் பட்டியலில் கொப்பன்ஹேகனின் எட்டு ஏழாகியிருந்தது. அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் மறக்கத் தெரியாதவர். கஜதீபன் மன்னிப்புக் கேட்டு, வருஷா வருஷம் மின்னஞ்சல் போட்டு, தலையில் நரையும் கண்டுவிட்டான். ஏழு ஏழாகவே இருந்தது.

இதில் பிழை எங்கே என்று பாருங்கள். அன்று தோற்றது கொப்பன்ஹேகனில் இருந்த பத்துப் பதினைந்து தமிழ்ப் பெடியன்கள். அவர்களில் பாதிப் பேர் எந்த டெனிஷ் கழகத்திலும் விளையாடாதவர்கள். அதை வைத்து ஒரு தலைநகரத்தின் முழு ஏணியையும் ஜீவண்ணை எடைபோட்டுவிட்டார். ஃபூனுக்குப் போய்ப் பார்த்தார், லோலண்டுக்குக் கூடப் போய்ப் பார்த்தார். கொப்பன்ஹேகனுக்கு மட்டும் போகவில்லை. காலம் போகப் போக அந்த ஏழு அடித்தது கஜதீபனின் அணியை மட்டுமில்லை. பிள்ளைகளையெல்லாம் தலைநகரத்துக்கு அனுப்பிவிட்டு இருக்கிற ஸ்கீவ போன்ற சின்ன ஊர்களைத்தான் கூடுதலாக அடித்தது. எங்கள் சில்க்போர்க் பிள்ளைகள் பக்கத்தில் ஓர்ஹூசில் படித்துவிட்டு யூலண்டிலேயே நின்றார்கள். அவர்களுக்குப் பத்து.

பிழையைக் கண்டுபிடித்தது மார்கிரட் அக்கா. அவருக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது.

"ரெண்டு நாளாச் சாப்பிடாமல் கணக்குப் பாத்தார்," என்று எனக்குப் பிறகு சொன்னார். "எனக்கு எரிச்சல் வந்திட்டுது. ஊர்ப் பிள்ளையள் விளையாடுறதெல்லாம் மழையில நிண்டு பாக்கிறியள், உங்கட பிள்ளை விளையாடுறதை அங்க ஒருநாளாவது போய்ப் பாத்தனீங்களோ எண்டு கேட்டன். எழும்பிப் போய்க் குசினிக்க நிண்டார்."

அடுத்த நாள் ஜீவண்ணை என்னை அழைத்தார். வைகாசி இரண்டாம் சனிக்கிழமை கொப்பன்ஹேகன் போகவேண்டும், நீயும் வா என்றார்.

"நான் ஏன் அண்ணை?"

"இலக்கத்தை மாத்தினா ஸ்கீவ உள்ளுக்கு வரும், சில்க்போர்க் வெளியால போகும். நான் தனியப் போய்ப் பாத்திட்டு வந்து சொன்னா ஆர் நம்புவினம்? நட்டப்படப் போற ஆளும் பக்கத்தில நிண்டு பாக்கவேணும்."

இப்படியும் ஒரு மனிதர். எனக்குச் சிரிப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. போனேன்.

கடலுக்கு மேலால் போகிற பெரிய பாலத்தைத் தாண்டினோம். மகனுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். சொல்லிவிட்டுப் போனால் ஆட்டக்காரர்கள் கூடுதலாக ஓடுவார்களாம், கணக்குப் பிழைத்துவிடுமாம். முப்பது வயது மகனைப் பார்க்கப் போகிற தகப்பன் சொல்லுகிற காரணமா இது! எனக்கு வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

செயற்கைப் புல் போட்ட மைதானம். சுற்றிவர மாடிக் குடியிருப்புகள். நாங்கள் போகும்போது ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெரோஷன் கோட்டருகே ஓடிவந்து திரும்பியவன் தகப்பனைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். பிறகு எங்களை நோக்கி நடந்து வந்தான். முகம் வெளுத்துவிட்டது. டெனிஷில் கேட்டான்.

"யார் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை," என்றார் ஜீவண்ணை.

"அம்மா?"

"அம்மா சுகமா இருக்கிறா. நீ போய் விளையாடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் திரும்பி ஓடினான். பக்கத்தில் நின்ற ஜீவண்ணை கொப்பியை எடுத்துத் திகதி எழுதினார். தகப்பன் வந்து நின்றால் பிள்ளைக்குச் சாவுதான் நினைவுக்கு வருகிறது என்றால் அதற்கு யாரை நோவது?

ஆட்டத்தைப் பற்றி நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. முதல் பத்து நிமிஷத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்து சீரியே ஒன்றில் பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு எல்லோரும் பின்னால் ஓடுவோம். இங்கே பந்து நிலத்தைவிட்டு எழும்பவில்லை. ஒரு தொடுகை, இரண்டாவது தொடுகை, ஆள் மாறிவிட்டது. சோமாலியப் பெடியன்கள், துருக்கிப் பெடியன்கள், டெனிஷ்காரர், நடுவில் எங்கள் ஜெரோஷன். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துவைத்துக்கொள்ளுகிறான். இப்படியொரு ஆள் எங்கள் சில்க்போர்க்கில் இருந்தால் நான் தோளில் தூக்கிக்கொண்டு திரிவேன்.

இடைவேளையில் ஜீவண்ணை தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"உமக்கு என்னமாதிரிப் படுது?"

"நல்ல விளையாட்டு அண்ணை," என்றேன்.

"யூலண்டைவிடக் கூடவோ குறையவோ?"

பொய் சொல்ல முடியவில்லை. "கூட."

"ஓம்," என்றார். "பதினொண்டு போடவேணும். பதினெட்டு வருஷமா ஏழு போட்டனான்."

ஆட்டம் முடிந்து ஜெரோஷன் வந்தான். வியர்வை வடிய, காலுறையைக் கீழே இறக்கிக்கொண்டே, டெனிஷில்தான் பேசினான். அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எங்களுக்கு எத்தனை போடப் போகிறீர்கள்?"

ஜீவண்ணை திடுக்கிட்டார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏழு என்று எப்போதோ தெரியும். ஜெனிதா பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினாள். ஆறு வருஷமாக என் விளையாட்டுக்கு நீங்கள் ஏழுதான் போடுகிறீர்கள்."

ஜெனிதா அவனுடைய தங்கை. ஜீவண்ணை கொப்பியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "ஏன் நீ ஒருநாளும் எனக்குச் சொல்லேல்ல?" என்றார்.

அதற்கு மட்டும் அவன் தமிழில் பதில் சொன்னான்.

"நீங்கள் ஒருநாளும் வரேல்ல, அப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள் என்று போனான். பிறகு மூவரும் பக்கத்துக் கடையில் ஷவர்மா சாப்பிட்டோம். புறப்படும்போது அவன் தகப்பனின் ஜக்கெட் பொத்தானைப் பூட்டிவிட்டான்.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று பலமாக அடித்தது. கார் ஓட்டியது நான். ஜீவண்ணை சொன்னார்: "நித்தி, இந்த இலக்கத்தை என்ர கையால நான் மாத்தமாட்டன். தகப்பன் மாத்தினா அது திருத்தம் இல்லை. கூட்டத்தில பிழை எண்டு சொல்லுவன். பாத்தனான், உண்மை எண்டு நீர் சொல்லும். உம்மட சொல்லுக்கு அங்க மதிப்பு இருக்கு, ஏனெண்டா நட்டம் உமக்கு."

"பாப்பம் அண்ணை," என்றேன்.

நம் ஆட்கள் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனாலும் அவர் நன்றி சொன்னார்.

ஆனிக் கூட்டம் எங்கள் சில்க்போர்க் மண்டபத்தில்தான் நடந்தது. ஞாயிறு பின்னேரம். ஜீவண்ணை சபை முடிந்து அந்த உடுப்போடேயே வந்திருந்தார். பட்டியலை வாசித்து முடித்துவிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில ஒரு பிழை இருக்கு. கொப்பன்ஹேகனுக்கு ஏழு எண்டு போட்டது பிழை. போய்ப் பாராமல் போட்டனான். போட்டதுக்குக் காரணம் விளையாட்டு இல்லை, என்ர கோவம். அதுக்குக் கஜதீபனிட்ட மன்னிப்புக் கேக்கிறன். சரியான இலக்கம் பதினொண்டு. திருத்தினா ஸ்கீவ பத்தாவதா வரும், சில்க்போர்க் பதின்மூண்டுக்குப் போகும். ஸ்கீவவில என்ர மகன் விளையாடுறான். அதால நான் திருத்தேல்ல. நீங்கள் தீர்மானியுங்கோ. நித்தியும் வந்து பாத்தவர்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் எங்கள் அணிப் பெடியன்கள் நாலு பேர் நின்றார்கள். புதுச் சட்டை அச்சடித்து வந்த பெட்டியை நான்தான் அன்று காலை மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். பன்னிரண்டாவதாக வந்துவிட்டோம் என்று ஒரு மாதமாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவனும் நான். இவையெல்லாம் காரணங்கள் இல்லை என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அப்போதும் தெரியும்.

நான் எழுந்தேன். "ஓம், பாத்தனான். விளையாட்டு நல்லாத்தான் இருந்தது. ஆனா ஒரு ஆட்டத்தைப் பாத்திட்டு இலக்கத்தை மாத்தேலாது. ஜீவண்ணையே எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு கெட்டுப்போன சொல். ஜீவண்ணை இருபது வருஷமாகக் கட்டிக் காத்த நேர்மையை எடுத்து அவருக்கே தடை போட்டேன்.

கஜதீபன் துள்ளி எழுந்தான். "பதினெட்டு வருஷமா நான் கத்துறன்! இப்ப அவரே சொல்லுறார், நீங்கள் மாட்டன் எண்டுறியள்!" அவன் பேச்சு எடுபடவில்லை. கை உயர்த்தினார்கள். இந்த வருஷம் மாற்றுவதில்லை என்று பத்துப் பேர், மாற்றுவோம் என்று நாலு பேர். ஜீவண்ணை கையை உயர்த்தவேயில்லை. நான் உயர்த்தினேன், பத்துப் பேரில் ஒருவனாக.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கொப்பியைக் கஜதீபனிடம் நீட்டி, "இனி நீர் எழுதும். போய்ப் பாத்து எழுதும்," என்றார். பிறகு பிளாஸ்கைக் கழுவிக்கொண்டு போக வந்தவர், குசினி வாசலில் என்னைக் கண்டு, "பஸ் வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

ஆடி மாதம் முழுக்க எனக்குச் சரியாக நித்திரை இல்லை. மார்கிரட் அக்காவை ஸ்கீவவில் ஒரு கலியாணவீட்டில் கண்டேன். பிள்ளைகள் இந்த முறை வரமாட்டார்கள் என்றார். சட்டை போட ஓர் அணி இல்லாமல் எதற்கு வருவது, அவர்களுக்கும் அங்கே சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் பயிற்சியாளரிடம் கெஞ்சித்தான் லீவு எடுத்து வந்தார்கள், இந்த முறை கெஞ்சத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அந்த நாலு நாளுக்கு இறைச்சி வாங்கி உறையவைப்பதற்கென்றே வீட்டில் தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறாராம், இந்த வருஷம் அதன் மின்சாரத்தை நிறுத்தி விட்டாராம். நான் பந்தியில் இருந்து பாதியில் எழும்பிவிட்டேன்.

சுற்றுப்போட்டி நாள் நல்ல வெயில். எங்களுக்கு முதல் ஆட்டமே கொப்பன்ஹேகனோடு. கஜதீபனின் பெடியன்கள் இப்போது ஜெல் பூசுவதில்லை. பந்தை நிலத்தைவிட்டு எழுப்பாமல் எங்களை ஓடஓட விரட்டி ஆறு கோல் அடித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. என்னுடைய புதுச் சட்டைகளில் புல்லுக்கறை கூட ஒழுங்காகப் படவில்லை, பந்துக்குக் கிட்டப் போனால்தானே படும்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் முடிவை ஜீவண்ணையிடம் போய்ச் சொல்லுவது எங்கள் பழக்கம். அவர் நடுக்கோட்டுக்கு நேரே மடக்குக் கதிரையில் இருப்பார், நாங்கள் கத்துவோம், அவர் எழுதுவார். அன்றும் விசில் ஊதியதும் என் கால் தன்பாட்டில் அந்தப் பக்கம் நடந்தது. அங்கே கதிரை இல்லை. யாரோ வைத்த தண்ணீர்ப் போத்தல் பெட்டிதான் இருந்தது.

கஜதீபன் என் பின்னால் வந்தான். கையில் அந்தக் கொப்பி. என்னைப் பார்த்து நக்கலடிப்பான் என்று நினைத்தேன். "அவருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ அண்ணை," என்று மட்டும் சொன்னான். "நீங்கள்தான் சொல்லவேணும்."

மரத்தடிக்குப் போய்ப் போனை எடுத்தேன். முடிவைச் சொல்லவேண்டும், அதற்குப் பிறகு மற்றதையும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீண்ட நேரம் அடித்த பிறகுதான் எடுத்தார். பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம், எங்கோ ஒரு விசில்.

"ஜீவண்ணை, எங்க நிக்கிறியள்?"

"கொப்பன்ஹேகனில. மார்கிரட்டும் நிக்கிறா. விடிய வெளிக்கிட்டனாங்கள். கறியும் புட்டும் கட்டிக்கொண்டு வந்தவ, ஏழு பெடியளுக்கும். வேற ஆக்களும் கேக்கினம்."

அவர் சிரித்தார். இருபது வருஷத்தில் போனில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"நாங்கள் ஆறுக்குப் பூச்சியத்தில தோத்திட்டம்," என்றேன்.

"பாவம் பெடியள். பறவாயில்லை."

"அங்க என்ன ஸ்கோர், அண்ணை?"

அங்கே யாரோ கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியேல்ல நித்தி," என்றார். "எழுதேல்ல. நான் இவனைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இப்போது சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அண்ணை, அண்டைக்குக் கூட்டத்தில நான் சொன்னது..."

"பேந்து கதைப்பம், நித்தி," என்றார் அவசரமாக. "பந்து இவனிட்ட வருது."